என் சம்பளக் கணக்கு ஆப்பை 38 யூனிட் இலவசமாக ஓட்டுகிறார்கள், காசு கேட்டதும் போன் எடுப்பதில்லை

பவர்டேபிள்_பையன் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமான புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பகலில் கோவையில் ஒரு கம்பெனியில் பேக்கெண்ட் புரோகிராமர் வேலை. என் மாமா திருப்பூர் மங்கலம் ரோட்டில் 22 மெஷின் போட்டு ஸ்டிச்சிங் யூனிட் நடத்துகிறார். ஜாப் ஒர்க்தான், பெரிய கம்பெனிகளிடம் கட்டிங் வாங்கித் தைத்துக் கொடுப்பது. அவருடைய சம்பள நோட்டைப் பார்த்துத்தான் எனக்கு இந்த யோசனையே வந்தது. ஷிப்ட் ஆட்கள் தனி, பீஸ் ரேட் ஆட்கள் தனி, ஓவர்லாக் மெஷினுக்கு ஒரு ரேட், பேட்லாக் மெஷினுக்கு ஒரு ரேட், காலை எட்டரைக்கு வந்து ஐந்தரைக்குப் போனால் ஒரு ஷிப்ட், ராத்திரி எட்டரை வரை இருந்தால் ஒன்றரை, நடுவில் வாங்கிய அட்வான்ஸ், டீக்கடைப் பாக்கி, எல்லாம் ஒரே 200 பக்க நோட்டில்.

இதை ஆப் ஆக்கினேன். ஒன்றரை வருஷ ராத்திரிகள் போனது. மாமாவுக்குத் தெரிந்தவர், அவருக்குத் தெரிந்தவர் என்று 38 யூனிட் சேர்ந்தது. அதில் 17 யூனிட் வாராவாரம் திறக்கிறார்கள், சர்வர் கணக்கில் தெரிகிறது. பார்க்கிற இடத்தில் எல்லாம் "சூப்பரா இருக்கு தம்பி" என்றார்கள். அதை நம்பி இந்த மாதம் 1-ஆம் தேதியிலிருந்து மாதம் 499 ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

இரண்டு பேர் கட்டினார்கள். ஒருவர் என் மாமா.

மற்றவர்களில் பாதிப்பேர் போன் எடுப்பதில்லை. எடுத்த ஒருவர், "499 ரூபாய்க்கு எட்டு நோட்டு வாங்கலாம் கண்ணு" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். இன்னொருவர் தன் மச்சான் பையன் எக்செல்லில் போட்டுத் தருவான் என்றார்.

இப்போது மூன்று யோசனை. ஒன்று, விலையை 99 ஆக்குவது. இரண்டு, ஜிஎஸ்டி பில், ஸ்டாக், பார்கோடு எல்லாம் சேர்த்து 499-க்கு மதிப்புள்ளதாக்குவது, இதற்கு இன்னும் ஆறு மாதம் ஆகும். மூன்று, மூடிவிட்டு ராத்திரி நிம்மதியாகத் தூங்குவது. சொந்தமாக ஏதாவது செய்து விற்றவர்கள் இருந்தால் சொல்லுங்கள், எது சரி?


மாப்பிள்ளை_ஸ்டாக் எழுதியது:

ப்ரோ, இலவசமாகவே விடுங்கள், உள்ளே விளம்பரம் போடுங்கள். யூசர் ஏற ஏறக் காசு தானாக வரும்.


பழைய_டெல்பி எழுதியது:

மேலே சொன்ன மாப்பிள்ளைக்கு: 17 யூனிட்டில் வாரம் ஒரு தடவை 17 பேர் திறக்கிற ஆப்பில் விளம்பரம் போட்டால் வருஷத்துக்கு ஒரு டீ, ஒரு வடை வரும். வடை சந்தேகம்.

பையன், உங்கள் மூன்று யோசனையும் தப்பு. அதிலும் இரண்டாவதுதான் மோசம். நான் கும்பகோணத்துக்காரன். 1999-லிருந்து நகை அடகுக் கடைகளுக்கு மென்பொருள் எழுதி விற்று, அதில்தான் வீடு கட்டினேன், பெண்ணைப் படிக்க வைத்தேன். அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

முதல் இரண்டு வருஷம் எனக்கும் இதே கதி. வட்டிக் கணக்கு, நகை எடை, தொடர் எண், எல்லாம் அழகாக எழுதி வைத்திருந்தேன். கடைக்காரர்கள் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு சார்" என்பார்கள், காபி வாங்கிக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். ஏன் என்றால் வட்டிக் கணக்கு அவர்களுக்கு வலியே இல்லை. முப்பது வருஷம் கடையில் உட்கார்ந்தவர் கூட்டுவதைவிட என் கம்ப்யூட்டர் மெதுவாகத்தான் போட்டது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் வேறு.

ஒரு நாள் பெரிய தெருவில் ஒரு கடையில் உட்கார்ந்திருந்தபோது, கடைப் பையன் ஒருவன் தரையில் சம்மணம் போட்டுக் கவர் எழுதிக்கொண்டிருந்தான். மீட்காத நகைக்கு ஏலம் விடுவதற்கு முன்னால் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் அல்லவா, அதற்கு விலாசம். நானூறுக்கு மேல் இருக்கும். பேரேட்டைத் திருப்பு, பெயரைப் பார், ஊரைப் பார், எழுது. எத்தனை நாள் ஆகும் என்றேன். "மூணு நாள், அதுலயும் பத்து தப்பாப் போகும், ஆள் வந்து சண்டை போடுவான்" என்றார் முதலாளி. வீட்டுக்குப் போய் இரண்டே நாளில் அதை எழுதினேன். யூனிகோட் எல்லாம் புழக்கத்தில் இல்லாத காலம், டாம் என்ற பழைய தமிழ் எழுத்துருவில் விலாசம் வருகிற மாதிரி செய்து, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போய், அதே கடையில் சர்சர் என்று ஓடவிட்டேன். பாதி ஓடும்போதே முதலாளி கல்லாவைத் திறந்துவிட்டார். அன்றைக்கு அவர் கொடுத்தது 4,000 ரூபாய். அந்த மென்பொருளின் மற்ற பாகம் எதையும் அவர் ஆறு மாதத்துக்குத் தொடவே இல்லை.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். "சூப்பரா இருக்கு தம்பி" என்பது காசு கிடையாது, அது மரியாதை. உங்கள் மாமாவுக்காகக் காட்டிய மரியாதை. யாராவது உங்களுக்கு அவர்களாகப் போன் பண்ணி, "ஏம்ப்பா ஆப் ஓடல, என்ன பண்ணித் தொலைச்ச" என்று திட்டியிருக்கிறார்களா? திட்டியவர்தான் கஸ்டமர். திட்டாதவருக்கு அது ஓடினாலும் ஒன்றுதான், ஓடாவிட்டாலும் ஒன்றுதான்.

சர்வர் கணக்கு வைத்திருக்கிறீர்கள் என்கிறீர்கள். அதில் யார் திறந்தார்கள் என்று பார்க்காதீர்கள். சனிக்கிழமை மதியம் மூன்றிலிருந்து ஏழுக்குள் சம்பளப் பட்டியலை எடுத்தது யார் என்று பாருங்கள். அந்த எண்ணிக்கைதான் உங்கள் வியாபாரம்.

ஜிஎஸ்டி பில்லைத் தொடாதீர்கள். அங்கே டேலி என்கிற கணக்கு மென்பொருள் உட்கார்ந்திருக்கிறது, 1986-லிருந்து. ஆடிட்டர் வரைக்கும் எல்லோருக்கும் கை பழகியது. வருஷ விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து இ-இன்வாய்ஸ், அதாவது அரசுத் தளத்தில் பதிந்து போடுகிற பில், வேறு கட்டாயம். அந்த விதி மாறும்போதெல்லாம் நீங்கள் வேலைக்கு லீவு போட்டுத் திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

விலை: மாதா மாதம் கேட்காதீர்கள். நம் ஆட்களுக்கு மாதம் என்றால் வாடகை, கரண்ட் பில், அவ்வளவுதான். ஒரே தடவை 8,000 வாங்குங்கள், அடுத்த வருஷத்திலிருந்து ஏஎம்சி, அதாவது வருஷப் பராமரிப்புக் கட்டணம், 2,500. பழகிய முறை.


கணக்கு_அக்கா எழுதியது:

நான் புரோகிராம் எழுதுகிறவள் இல்லை. தங்கை பையன் இந்த லிங்கை அனுப்பினான். திருப்பூரில் ஒரு யூனிட்டில் 11 வருஷமாகக் கணக்கு பார்க்கிறேன், 64 பேருக்குச் சனிக்கிழமை சம்பளம் போடுவது நான்தான். தம்பி எழுதிய ஆப்பாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், எங்கள் யூனிட்டிலும் இருக்கிறது, பச்சைக் கலர் ஐகான். ஆமாம் என்றால் உங்கள் 17-இல் ஒன்று நாங்கள். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், நான் அதில் வருகைப் பதிவு மட்டும்தான் போடுகிறேன். சம்பளம் நோட்டில்தான் போடுகிறேன்.

ஏன் என்று கேளுங்கள். உங்கள் ஆப் ஒரு ஆளுக்கு 3,847 ரூபாய் என்று காட்டுகிறது. நான் எவருக்காவது 3,847 கொடுத்திருப்பேன் என்று நினைக்கிறீர்களா? 3,850 கொடுத்துவிட்டு, 3 ரூபாய் அதிகம் என்று அடுத்த வாரத்தில் கழிப்பேன். இல்லை 3,840 கொடுத்து 7 ரூபாய் நிற்கிறது என்று எழுதுவேன். அந்த 3-க்கும் 7-க்கும் உங்கள் ஆப்பில் இடமே இல்லை. ஏழு ரூபாய்தானே என்று நினைக்காதீர்கள், செக்கிங்கில் இருக்கிற ஒரு அம்மா நான்கு வாரத்து ஏழு ரூபாயையும் ஞாபகம் வைத்துக் கேட்பார்.

அடுத்தது பணம் பிரிக்கிறது. சனிக்கிழமை 12 மணிக்குள் (பேங்க் லீவான சனி என்றால் வெள்ளிக்கிழமையே) பேங்குக்குப் போக வேண்டும், அதற்கு முன்னால் எத்தனை ஐந்நூறு, எத்தனை நூறு, எத்தனை ஐம்பது என்று எழுதி எடுத்துக்கொண்டு போக வேண்டும். அது தப்பாகப் போனால் சாயங்காலம் மளிகைக் கடை, பெட்ரோல் பங்க் என்று சில்லறைக்கு அலைய வேண்டும். 64 பேருக்கும் அந்தப் பிரிப்பைப் போட எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. எல்லாருக்கும் பேங்கில் போடலாமே என்பார்கள். பாதிப்பேர் வடமாநிலத்துப் பையன்கள், சிலருக்கு அக்கவுண்ட் இருக்கும், அதில் போட வேண்டாம் என்பார்கள். ஊர்க்காரப் பெண்கள் கையில்தான் கேட்பார்கள், ஏன் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் கல்யாணம் ஆனால் தெரியும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது தீபாவளி போனஸ். சட்டத்தில் குறைந்தது 8.33 சதவீதம் என்று இருக்கிறது, யூனிட்டுக்கு யூனிட் பேசி முடிக்கிற கணக்கு வேறு. எதுவானாலும் ஒரு ஆள் வருஷம் முழுக்க என்ன சம்பாதித்தார் என்று தெரிய வேண்டும். 64 பேர், 52 வாரம். 3,328 எண்களைக் கூட்டுகிறேன், தம்பி. புரட்டாசி முழுக்க வீட்டுக்குப் போகும்போது ராத்திரி பத்து மணி. பாதியில் நின்றுபோனவர், மறுபடி வந்தவர், ஒரே பெயரில் மூன்று பேர். போன வருஷம் ஒரு டெய்லருக்கு 2,100 ரூபாய் குறைத்துப் போட்டுவிட்டேன், அவர் லைனில் எல்லார் முன்னாலும் வந்து கேட்டார். தப்பு என்னுடையதுதான்.

போனஸ் கணக்கைச் சரியாகப் போட்டுக் கொடுங்கள், முதலாளியிடம் நான் பேசுகிறேன். ஆனால் மாதம் 499 என்று கேட்டால் மாதா மாதம் "இது என்ன, இது எதுக்கு" என்று எனக்குத்தான் பேச்சு. வருஷத்துக்கு ஒரு தடவை என்றால் ஒரு தடவைதான் பேச்சு வாங்க வேண்டும்.

இன்னொன்று. முதலாளிக்கு உள்ளே ஒரு பயம் இருக்கிறது, வெளியே சொல்ல மாட்டார். எங்கள் சம்பளக் கணக்கு யார் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கிறது, யார் பார்ப்பார்கள் என்று. அதற்கு மேல் நான் எழுத மாட்டேன். அதற்கு ஒரு பதில் வைத்துக்கொண்டு வாருங்கள்.


வேளச்சேரி_சாஸ் எழுதியது:

அக்கா எழுதியதைப் பிரிண்ட் எடுத்து மானிட்டர் மேல் ஒட்டுங்கள். கன்சல்டன்ட் யாரும் இவ்வளவு சொல்ல மாட்டார்கள்.

டெல்பி சாரோடு ஒரு இடத்தில் மட்டும் சண்டை. ஒரே தடவைக் காசு வேண்டவே வேண்டாம். நான் டியூஷன் சென்டர்களுக்கு ஒரு சின்னப் புராடக்ட் வைத்திருக்கிறேன், ஆரம்பத்தில் கை அரித்து, "வாழ்நாள் முழுக்க 3,999" என்று ஒரு ஆஃபர் போட்டுவிட்டேன். 60 பேர் வாங்கினார்கள். அந்த மாதம் ராஜா மாதிரி இருந்தேன். ஐந்து வருஷம் ஆகிறது, அந்த 60 பேரும் இன்னும் இருக்கிறார்கள், ராத்திரி 9 மணிக்குப் போன் பண்ணுகிறார்கள், சர்வர் காசு மாதா மாதம் நான் கட்டுகிறேன். என் வாழ்நாளா அவர்கள் வாழ்நாளா என்று எழுதாமல் விட்டது என் தப்பு. டெஸ்க்டாப் மென்பொருளுக்குச் சார் சொல்வது சரி, ஒரு தடவை போட்டால் அது அவர்கள் கம்ப்யூட்டர், அவர்கள் கரண்ட். சர்வரில் ஓடுகிறதற்கு வருஷச் சந்தாதான்.

இரண்டு பழைய கதை சொல்கிறேன், உங்களுக்குப் பொருந்தும். பாட்ரிக் மெக்கன்சி என்று ஒருவர், ஜப்பானில் வேலை பார்த்துக்கொண்டே 2006-இல், பள்ளி டீச்சர்கள் வகுப்பில் விளையாட வைக்கிற பிங்கோ அட்டைகளை அச்சடித்துக் கொடுக்கிற ஒரு மென்பொருளைச் சுமார் ஒரு வாரத்தில் எழுதினார். 30 டாலருக்கும் கீழே விலை. பல வருஷம் விற்றது. கேட்டால் சிரிப்பு வரும், பிங்கோ அட்டையை வேர்டில் கூடப் போடலாம். ஆனால் நாளைக் காலை வகுப்பு, 30 பிள்ளைகள், 30 விதமான அட்டை வேண்டும், ராத்திரி பத்து மணி. அந்த டீச்சருக்கு வேர்ட் இலவசமாக இருந்து என்ன பயன்? அக்காவின் புரட்டாசி ராத்திரியும் அதே பத்து மணிதான்.

இன்னொன்று பேஸ்கேம்ப், குழு வேலைகளைப் பார்த்துக்கொள்கிற இணைய மென்பொருள். 2004-இல் அதை வெளியிட்ட அன்றைக்கு, அந்தக் கம்பெனியிடம் காசு வசூலிக்கிற பகுதியே எழுதி முடிந்திருக்கவில்லை. முதல் பில் 30 நாள் கழித்துத்தான் போக வேண்டும், அதற்குள் எழுதிவிடலாம் என்று திறந்துவிட்டார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் இப்போதே பேமென்ட் கேட்வே, ஆட்டோ டெபிட் என்று ஒரு மாதத்தைத் தொலைக்கப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும், நான் தொலைத்தேன். மாதா மாதம் தானாகப் பிடிப்பதற்கு ஆர்பிஐ விதிப்படி ஒவ்வொரு தடவையும் 24 மணி நேரத்துக்கு முன்னால் வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். 15,000 ரூபாய் வரைக்கும் ஓடிபி வேண்டாம், அது நல்லதுதான். ஆனால் அந்தத் தகவல் மாதம் ஒரு தடவை "இதை நிறுத்திவிடலாமே" என்று ஞாபகப்படுத்துகிற மணி. பத்து யூனிட்டுக்கு இதெல்லாம் எதற்கு? வருஷத்துக்கு ஒரு தடவை யுபிஐ க்யூஆர் காட்டுங்கள், இல்லை கையில் வாங்குங்கள், ரசீது எழுதிக் கொடுங்கள்.

ஜிஎஸ்டி பற்றிப் பயப்படுவீர்கள். சேவைத் தொழிலுக்கு வருஷம் 20 லட்சம் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். அதுவரைக்கும் சாதாரண ரசீது போதும், வருமானத்தை மட்டும் ஐடி ரிட்டர்னில் காட்டிவிடுங்கள். பதிந்துகொண்டால் 18 சதவீதம் சேர்த்துப் போட வேண்டும், ஜிஎஸ்டி உள்ள யூனிட்டுக்கு அது ஐடிசியில், அதாவது கட்டிய வரியைக் கழித்துக்கொள்கிற முறையில், திரும்பிவிடும், இல்லாதவருக்கு அது சும்மா விலை ஏற்றம்.

அப்புறம் யாரும் சொல்லாத ஒன்று. பகல் வேலையின் ஆஃபர் லெட்டரை எடுத்து ஒரு தடவை படியுங்கள். வெளியே சம்பாதிக்கக் கூடாது, வேலை நேரத்தில் எழுதியதெல்லாம் கம்பெனிக்கு என்று பல இடங்களில் ஒரு வரி இருக்கும். ஆபீஸ் லேப்டாப்பில் இந்தக் கோடைத் தொட்டிருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள்.

முதலாளியின் பயத்துக்கு என் பதில்: ஆதார் நம்பர் எதையும் வாங்கி வைக்காதீர்கள், பெயரும் டோக்கன் நம்பரும் போதும். எப்போது கேட்டாலும் எல்லாக் கணக்கும் எக்செல்லாக இறங்கும், அழி என்றால் அழிந்துவிடும் என்று அவர் கண் முன்னாலேயே செய்து காட்டுங்கள். வாயால் சொல்லி ஒரு பயனும் இல்லை.


பழைய_டெல்பி எழுதியது:

சாஸ் தம்பி சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், சர்வர் என்றால் வருஷச் சந்தா. நான் என் கடை நிலவரத்திலிருந்து பேசிவிட்டேன். ஆனால் "சந்தா" என்ற வார்த்தையைச் சொல்லாதீர்கள், ஏஎம்சி என்றே சொல்லுங்கள். தொகை ஒன்றுதான், காதில் விழுகிற விதம் வேறு.


பவர்டேபிள்_பையன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, ஆமாம், பச்சை ஐகான் என்னுடையதுதான். தலை குனிந்துதான் டைப் பண்ணுகிறேன்.

டெல்பி சார் சொன்ன மாதிரி சர்வரில் தேடினேன். சனிக்கிழமை மூன்றிலிருந்து ஏழுக்குள் சம்பளப் பட்டியல் எடுப்பது 17-இல் 6 யூனிட். மற்ற 11-உம் அக்கா மாதிரி வருகைப் பதிவோடு நிற்கிறார்கள். ஒன்றரை வருஷமாக நான் இதைப் பார்க்கவே இல்லை, மொத்த லாகின் எண்ணிக்கை ஏறுகிறதை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

அந்த 6-இல் ஒன்று பி.என். ரோடு பக்கம், 41 பேர் வேலை செய்கிற யூனிட். முதலாளி என் போனை எடுக்காதவர்களில் ஒருவர். போன் பண்ணாமல் நேரே போனேன், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. பார்த்ததும் கொஞ்சம் சங்கடப்பட்டார், காசு கேட்க வந்தேன் என்று நினைத்திருப்பார். இல்லை அண்ணா, சம்பளம் போடுகிறதைப் பார்க்க வந்தேன் என்றேன். உட்காரச் சொன்னார்.

முந்தின நாள் ராத்திரி அவசரமாகப் பணப் பிரிப்பு ஒன்று எழுதிக்கொண்டு போயிருந்தேன். அதைக் காட்டினேன். அந்த வாரச் சம்பளம் 1,38,650. என் ஆப் சொன்னது: 500 ரூபாய்த் தாள் 277, நூறு ஒன்று, ஐம்பது ஒன்று. கணக்கு பார்க்கிற பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, இந்த ஒரே ஒரு நூறு ரூவாயை நான் 41 பேருக்கும் எப்படிப் பிரிக்கிறது?"

மொத்தத்தை எடுத்து 500-ஆல் வகுத்து வைத்திருக்கிறேன். எட்டு வருஷ அனுபவம், சீனியர் என்று பட்டம் வேறு. ஒவ்வொரு ஆளுக்கும் தனியாகப் பிரித்து அப்புறம் தாள்களைக் கூட்ட வேண்டும் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அங்கேயே லேப்டாப்பைத் திறந்து, சொந்த லேப்டாப்தான் சாஸ் அண்ணா, திருத்தினேன். 500 தாள் 255, 200 தாள் 38, நூறு 22, ஐம்பது 21, பத்து 30. பெரியவர் தன் சீட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டு, "இருநூறு ரூவாத் தாள் நம்ம பேங்குல சொன்ன அளவுக்குக் குடுக்க மாட்டான், அதை எடுத்துட்டுப் போடு" என்றார். 200-ஐ நீக்க ஒரு பட்டன் வைத்தேன். நூறு 98 ஆயிற்று. அந்தச் சீட்டைப் பிரிண்ட் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேங்குக்குக் கிளம்பிவிட்டார், என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் சம்பளம் போட்டார்கள். ஓரமாக நின்று பார்த்தேன். ஒருவர் வருகிறார், பழுப்புக் கவரை வாங்குகிறார், எண்ணுகிறார், போகிறார். 23-ஆவது ஆள் மட்டும் ஒரு அரை ஷிப்ட் விட்டுப்போயிற்று என்று நின்றார், புதன்கிழமை ராத்திரி இருந்தாராம். ஆப்பில் தேடினால் அந்த அரை ஷிப்டை யார் போட்டார்கள், யார் எடுத்தார்கள் என்று எதுவும் இல்லை. லைன் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கேட்டுத்தான் முடித்தார்கள். அந்தப் பிரச்சினையை என் பட்டியலில் நான் எப்போதுமே எழுதியதில்லை. பார்கோடு எழுதியிருந்தேன்.

எல்லாம் முடிந்து எட்டு மணி வாக்கில் முதலாளியிடம், தீபாவளி போனஸுக்கு வருஷக் கணக்கும் சேர்த்துப் போட்டுத் தருகிறேன், பழைய நோட்டில் இருக்கிற மாதங்களையும் நானே உட்கார்ந்து ஏற்றித் தருகிறேன், வருஷத்துக்கு 6,000 என்றேன். குரல் நடுங்கியது, உண்மை. வேலையில் சம்பள உயர்வு கேட்கும்போது கூட இப்படி இல்லை. அவர் கணக்குப் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் தலையை மட்டும் ஆட்டினார். "ஐயாயிரம். ரெண்டாயிரம் இப்ப, மீதி போனஸ் போட்டு முடிச்சதும்." சரி என்றேன். 2,000 ரூபாயை அதே பழுப்புக் கவரில் போட்டு, மேலே என் பெயரை எழுதிக் கொடுத்தார்.

மாதம் 499 என்றால் வருஷத்துக்கு 5,988. அதற்குப் போனை எடுக்காதவர்தான் இவர்.

99 ரூபாய் யோசனையும் ஜிஎஸ்டி யோசனையும் போயிற்று. அடுத்த சனிக்கிழமை அந்த 6-இல் இரண்டாவது இடத்துக்குப் போகிறேன். மாதாந்திரக் கட்டணத்தை எல்லாருக்கும் எடுத்துவிட்டேன், கட்டிய அந்த ஒருவருக்குத் திருப்பி அனுப்பினேன், அவர் "எதுக்கு" என்று கேட்டார். மாமாவுக்கு அனுப்பவில்லை.

இரண்டு கேள்வி மட்டும். அக்கா, 3 ரூபாய், 7 ரூபாய் விஷயத்தில் மேலே ஏற்றுவதா கீழே இறக்குவதா என்று ஆளுக்கு ஆள் நீங்களே முடிவு பண்ணுகிறீர்களா, இல்லை ஏதாவது விதி இருக்கிறதா? அப்புறம் ரசீதை முதலாளி பெயரில் போடுவதா, யூனிட் பெயரிலா? பணப் பிரிப்புச் சீட்டின் படத்தை உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.


கணக்கு_அக்கா எழுதியது:

படம் பார்த்தேன். ரசீது யூனிட் பெயரில் போடுங்கள், இல்லாவிட்டால் ஆடிட்டர் என்னைக் கேட்கிற மாதிரி அந்தப் பெரியவரையும் கேட்பார்.

விதி எல்லாம் இல்லை. பெரும்பாலும் 5-க்கு மேல் இருந்தால் ஏற்றிக் கொடுப்பேன், கீழே இருந்தால் நிறுத்தி வைப்பேன், ஆனால் வேலையை விட்டு நிற்கிறவர் என்றால் எப்போதும் ஏற்றித்தான் கொடுப்பேன், அவரிடம் அடுத்த வாரம் கிடையாது. ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்கிற மாதிரி வையுங்கள்.

அரை ஷிப்ட் விஷயத்தில் யார் எடுத்தார்கள் என்று தெரிகிற மாதிரி செய்தால் சூப்பர்வைசருக்குப் பிடிக்காது. இருந்தாலும் செய்யுங்கள்.

சீட்டில் 20 ரூபாய்த் தாள் விட்டுப்போயிருக்கிறது. எங்கள் பேங்கில் பத்து ரூபாய்க்கு நாணயம்தான் கொடுக்கிறார்கள், மூட்டையாக. சனிக்கிழமை வருவதாக இருந்தால் பதினொன்றுக்குள் வாருங்கள், அதற்கு மேல் எனக்குப் பேச நேரம் இருக்காது.